கணக்கில் ஏறாத பந்து

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டெமாயின் நகரத்தில் வசந்தம் வந்துவிட்டதா என்று காலண்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏப்ரலிலும் பனி கொட்டும். ஆனால் மூன்று அறிகுறிகள் தப்புவதில்லை. பேஸ்பால் மைதானத்தில் ராத்திரி விளக்கு எரியும். சனிக்கிழமை காலையில் கோர்ட் அவென்யூவில் உழவர் சந்தை கூடும். ஏதாவது ஒரு வேட்பாளரின் ஆள் துண்டறிக்கையும் சிரிப்புமாக வாசலில் வந்து நிற்பார்.

நான் இந்த ஊருக்கு வந்தது இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலைக்காக. ஊரே இன்ஷூரன்ஸ் ஊர்தான். நாளைக்கு என்ன கேடு வரும் என்று இன்றைக்குக் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவர்கள் நாங்கள். எனக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஆனால் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கலாம், ஆர்கானிக் முட்டை வாங்கலாம், வேட்பாளரின் கையைக் குலுக்கலாம். ஓட்டு இல்லாதவனுக்கு ஒரு வசதி உண்டு. யாரும் அவனிடம் மெனக்கெட்டுப் பொய் சொல்வதில்லை. மற்றவர்களிடம் சொல்வதைப் பக்கத்தில் நின்று நிம்மதியாகக் கேட்கலாம்.

அரசியல், பேஸ்பால், ஆர்கானிக் வியாபாரம் மூன்றையும் ஒரே முடிச்சில் போட்டு யோசிக்க வைத்தது ஒரு பழைய ரேடியோ கதை. 1930களில் டெமாயினின் டபிள்யூஎச்ஓ வானொலியில் ரொனால்ட் ரீகன் என்ற இளைஞர் விளையாட்டு வர்ணனையாளராக இருந்தார். சிகாகோ கப்ஸ் அணியின் ஆட்டங்களை ஊருக்கெல்லாம் வர்ணிப்பார். ஆனால் ஆட்டத்தை அவர் பார்க்கமாட்டார். மைதானத்திலிருந்து தந்தி வரும். அதைக் கேட்பவர் துண்டுச் சீட்டில் இரண்டு மூன்று சொற்கள் எழுதி நீட்டுவார். அந்தச் சொற்களை வெயிலும் தூசியும் கூட்டத்தின் இரைச்சலுமாக விரித்துச் சொல்வது ரீகனின் வேலை.

ஒருநாள் விறுவிறுப்பான கட்டத்தில் தந்தி நின்றுபோனது. கையில் சீட்டு இல்லை, மைக் திறந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் ஜனங்கள் வேறு ஸ்டேஷனுக்குத் திருப்பிவிடுவார்கள். ரீகன் பேட்டரை ஒரு ஃபவுல் அடிக்க வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னும் ஒன்று. பந்துக்காக இரண்டு பையன்கள் சண்டை போடுவதைக்கூட வர்ணித்தார். பல நிமிடங்கள் இப்படியே ஓடின. தந்தி உயிர்பெற்று வந்த சீட்டைப் பார்த்தால், அந்த பேட்டர் முதல் பந்திலேயே தூக்கியடித்துக் கேட்ச் கொடுத்து எப்போதோ வெளியேறியிருந்தார். ஜனாதிபதியான பிறகும் ரீகன் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் ஃபவுலைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபவுல் என்பது பேட்டில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போகிற பந்து. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு எத்தனை ஃபவுல் அடித்தாலும் நிலவரம் மாறாது. மறுநாள் செய்தித்தாளில் வரும் ஸ்கோரில் அது இருக்காது. ஒரு ரன் என்று சொல்லியிருந்தால் மாட்டிக்கொள்வார், ஒரு கேட்ச் என்றாலும் மாட்டிக்கொள்வார். எந்தப் புத்தகத்திலும் ஏறாத ஒரே சம்பவத்தை அந்த நெருக்கடியில் கண்டுபிடித்தார். வருங்கால அரசியல்வாதிக்கு அதைவிட நல்ல பயிற்சி எந்தக் கல்லூரியில் கிடைக்கும்? அந்தக் கதை தெரிந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் என் மனம் இரண்டாகப் பிரித்துப் போடுகிறது: இது கணக்கில் ஏறுகிற பேச்சா, ஏறாத பேச்சா?

இந்தப் பழக்கத்தோடு முட்டை வாங்கப் போவது சிரமம். அமெரிக்காவில் முட்டை உற்பத்தியில் முன்னணியில் இருக்கும் மாநிலம் அயோவா. ஆனாலும் கடையில் குளிர்பெட்டியின் முன்னால் நின்றால் பரீட்சை ஹாலில் நிற்பதுபோல இருக்கும். 'பண்ணையின் புத்துணர்ச்சி' என்கிறது ஒரு பெட்டி. முட்டை பண்ணையிலிருந்து வராமல் பஞ்சாலையிலிருந்தா வரும்? 'இயற்கையானது' என்கிறது இன்னொன்று. முட்டையில் செயற்கை முட்டை என்று ஒன்று அந்தக் கடையில் இல்லை. 'ஹார்மோன் சேர்க்காதது' என்பது மூன்றாவது. கோழிக்கு ஹார்மோன் கொடுக்கவே கூடாது என்று இந்த நாட்டில் சட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. திருடாததற்குப் பாராட்டுப் பத்திரம் வாங்கும் பெட்டி அது. 'சைவத் தீனி' என்று நான்காவது. புழுவையும் வெட்டுக்கிளியையும் பாய்ந்து பிடிக்கிற பிராணிக்கு யார் தீட்சை கொடுத்தார்கள்? 'கூண்டில் அடைக்காதது' என்பதற்கு ஓரளவு அர்த்தம் உண்டு, ஆனால் கொட்டகைக்கு வெளியே விட்டார்கள் என்று அர்த்தமில்லை. எல்லாப் பெட்டியிலும் சிவப்புக் கொட்டகை, பச்சைப் புல், உதயசூரியன்.

"இதுல எது நெஜமாவே வெளிய போய் மேஞ்ச கோழி, சொல்லுங்க பார்ப்போம்" என்பாள் என் மனைவி, வினாடி வினா நடத்துகிற தோரணையில்.

இந்த வரிசையில் பச்சையும் வெள்ளையுமாக வட்ட முத்திரை போட்ட ஆர்கானிக் பெட்டி ஒன்றுக்குத்தான் பின்னால் ஒரு கனத்த கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பின் கதையும் அரசியல் கதைதான். 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஆர்கானிக் உணவுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. விதிகளை எழுத விவசாயத் துறை ஏழு வருஷம் எடுத்துக்கொண்டது. 1997 டிசம்பரில் வெளிவந்த முதல் வரைவு மூன்று விஷயங்களுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது: மரபணு மாற்றிய பயிர், கதிர்வீச்சு பாய்ச்சிய உணவு, உரமாகச் சாக்கடைக் கசடு. ஜனங்கள் கொதித்துப்போய் எழுதிய கடிதங்கள் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேல். ஒரு விவசாய விதிக்கு இத்தனை கடிதம் அதற்கு முன் அந்தத் துறை பார்த்ததில்லை. மூன்றும் நீக்கப்பட்டன. 2000 டிசம்பரில் இறுதி விதி வந்தது. 2002 அக்டோபர் 21 முதல் முத்திரை கடைக்கு வந்தது.

இறுதி விதியை வெளியிட்ட அன்று விவசாயத் துறை அமைச்சர் டான் கிளிக்மன் ஒன்று சொன்னார். ஆர்கானிக் முத்திரை ஒரு சந்தைப்படுத்தும் கருவி. உணவு அதிகப் பாதுகாப்பானது என்றோ அதிகச் சத்தானது என்றோ அது சான்று சொல்லவில்லை என்பது அதன் சாரம். பொருளை வெளியிடுகிறவரே இப்படி எச்சரித்துவிட்டு வெளியிடுவது அபூர்வம். ஆனால் அவர் சொன்னது சரி. முத்திரை எதற்குச் சான்று? நிலத்தில் 36 மாதம் தடைசெய்த ரசாயனம் விழவில்லை, செயற்கை நைட்ரஜன் உரம் போடவில்லை, கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கவில்லை, வருஷம் ஒருமுறை ஆய்வாளர் வந்து பார்த்தார், ஐந்து வருஷத்துக் கணக்குப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. இவ்வளவுதான். வளர்த்த விதத்துக்கு ஜாமீன். சாப்பிடுகிறவன் உடம்புக்கு ஜாமீன் இல்லை.

தேர்தலும் அப்படித்தானே? ஓட்டு ஒழுங்காக எண்ணப்பட்டது என்பதற்குத்தான் ஜாமீன். ஜெயித்தவர் நல்லவர் என்பதற்கு எந்த ஆணையமும் கையெழுத்துப் போடாது. பேஸ்பாலிலும் விதிப்படி ஆடினார்கள் என்பதற்கு அம்பயர் பொறுப்பு. திறமைசாலி ஜெயித்தே தீருவார் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. மூன்று இடத்திலும் நமக்குக் கிடைக்கிற நியாயம் முறையின் நியாயம்தான். விற்கிறவர்கள்தான் அதைப் பலனின் நியாயமாக மாற்றி விற்கிறார்கள். அந்த முட்டையைச் சாப்பிட்டால் ஆரோக்கியம், இந்த வேட்பாளர் வந்தால் விடிவு.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முட்டைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எய்யா, கோழி வெளிய மேஞ்சுதுன்னு எழுதிக் குடுக்கதுக்கு ஒரு ஆபீசா?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, அந்தக் காலத்தில் நம் ஊரில் எல்லாமே ஆர்கானிக்தானே என்று ஆரம்பித்தேன். அம்மா பாதியில் வெட்டினாள். "ஐ.ஆர்.எட்டும் யூரியாவும் வந்த பொறவுதான் நம்ம வீட்டுப் பத்தாயம் நெறஞ்சுது. அத வெசம்னு சொல்லுதவன் பசியோட கெடந்தவன் இல்ல."

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. ஆர்கானிக் இயக்கத்தின் மூதாதைகளில் ஒருவரான ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர், தன் மக்கு உரமுறையை இந்தூரில் இருந்துதான் வகுத்தார். 1920களில் இந்திய உழவர்களைத் தன் ஆசிரியர்கள் என்று மதித்தவர். இந்தூர் முறை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் புத்தகமாகி, பத்திரிகையாகி, கடைசியில் வட்ட முத்திரையாகித் திரும்ப அம்மா கையில் வந்து நிற்கிறது. அதற்கிடையில் அம்மாவின் தலைமுறை பசியோடு இருந்து யூரியாவைக் கும்பிட்டு வரவேற்றது. இரண்டும் உண்மை. முட்டைப் பெட்டியின் உதயசூரியனில் இரண்டுக்கும் இடமில்லை.

பேஸ்பால் மைதானத்தில் இப்படிப்பட்ட உதயசூரியன்கள் குறைவு. எங்கள் ஊர் அணியான அயோவா கப்ஸ், சிகாகோ கப்ஸின் நாற்றங்கால். இங்கே தேறினால் சிகாகோ. அங்கே தடுமாறினால் மறுபடி இங்கே. வருஷத்துக்கு 150 ஆட்டம். மேலே உள்ள பெரிய லீகில் 162. கிரிக்கெட்டில் வளர்ந்த எனக்கு முதலில் இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. தினமும் ஆடினால் எந்த ஆட்டத்துக்கு மதிப்பு? பிறகு பிடிபட்டது. 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டங்களில் ஜெயித்தது. அத்தனை பெரிய அணியும் 46 ராத்திரி தோற்றுத்தான் வீட்டுக்குப் போனது. 2024இல் சிகாகோ வொயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்று நவீன பேஸ்பாலில் ஒரு சாதனையே செய்தது. அந்த அணியும் 41 முறை ஜெயித்தது. இன்றைக்கு நடந்ததை வைத்து யாரையும் தீர்மானிக்க முடியாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளம். ஓட்டுப் பெட்டிக்கு ஒரே நாள். கடை அலமாரிக்குக் கை நீட்டுகிற நேரம். பேஸ்பால் மட்டும் ஆறு மாதம் பொறுத்திருக்கச் சொல்கிறது.

என் பக்கத்து இருக்கைக்காரர் ஓய்வுபெற்ற விவசாயி. ஊருக்கு வடக்கே மக்காச்சோளமும் சோயாவும் மாற்றி மாற்றிப் போட்டவர். மடியில் ஸ்கோர் புத்தகம், காதில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு குறி போடுவார். கட்சி எது என்று இதுவரை வாய் திறந்ததில்லை. ஒருநாள் ஆர்கானிக் பற்றிக் கேட்டேன். "என் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் ஆர்கானிக் செய்கிறான்" என்றார். "அவன் விவசாயி இல்லை, கணக்குப்பிள்ளை. எந்த நாள் எந்த விதை, எந்த டிரக்கைக் கழுவினான், எல்லாம் எழுதுகிறான்." இளக்காரமாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

ஸ்கோர் போர்டில் அணியின் பெயருக்கு எதிரே கடைசியில் மூன்று கட்டங்கள் இருக்கும்: ரன், ஹிட், எரர். மூன்றாவது கட்டம்தான் எனக்குப் பிடித்தது. பிடித்திருக்க வேண்டிய பந்தை நழுவவிட்டால் எரர். அதைத் தீர்மானிக்க மேலே பத்திரிகையாளர் அறையில் அதிகாரபூர்வ ஸ்கோரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சாதாரண முயற்சியில் இந்தப் பந்தைப் பிடித்திருக்க முடியுமா? முடியும் என்று அவர் நினைத்தால் ஆட்டக்காரர் பெயரில் ஒன்று ஏறும், ஆயுசுக்கும் அழியாது. ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் விளக்குப் போட்டு உங்கள் தவறு இத்தனை என்று காட்டுகிற தொழில் வேறெதுவும் எனக்குத் தெரியாது. ஆபீஸ்களில் இதே வஸ்துவுக்கு 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்று பெயர் வைத்து, யார் கற்றுக்கொண்டார் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

எரர் கட்டத்திலும் ஒரு ஓட்டை உண்டு. பந்தை நோக்கி ஓடிப்போய்த் தொட்டு நழுவவிட்டவனுக்கு எரர். சோம்பேறித்தனமாக நின்று பந்தை எட்டவே எட்டாதவனுக்குப் பெரும்பாலும் எரர் கிடையாது. எதிரணிக்கு ஹிட் என்று எழுதிவிடுவார்கள். முயன்றவன் மாட்டிக்கொள்வான், முயலாதவன் சுத்தமாக இருப்பான். இதைப் பெரியவரிடம் சொன்னபோது முதல்முறையாக அரசியல் பேசினார். "அதனால்தான் செனட்டர்களுக்கு எரர் குறைவு" என்றார்.

அயோவாவுக்கு அரசியலில் ஒரு தனிப் பெருமை இருந்தது. 1972 முதல் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வு இங்கேதான் தொடங்கும். பனிக்கால இரவில் பள்ளிக்கூட ஜிம்மிலும் சர்ச் கூடத்திலும் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி முடிவு சொல்லும் காகஸ். இதைவிட வெளிப்படையான முறை எது என்று ஊரார் மார்தட்டுவார்கள். 2012 ஜனவரி 3 இரவு குடியரசுக் கட்சியின் காகஸில் மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் தாள்களைச் சரிபார்த்தால் ரிக் சான்டோரம் 34 ஓட்டு முன்னால் இருந்தார். எட்டு வாக்கு வட்டங்களின் தாள்கள் கிடைக்கவே இல்லை. அதற்குள் ராம்னி ஜெயித்தவராக இரண்டு வாரம் வலம் வந்துவிட்டார். 2020இல் ஜனநாயகக் கட்சியின் முறை. கணக்கு அனுப்புவதற்கென்று செய்த புதுச் செயலி அன்று ராத்திரி படுத்துவிட்டது. நாடே டிவி முன்னால் விழித்திருக்க, முடிவு வரவில்லை. அடுத்த தேர்தலில் அந்தக் கட்சி முதல் இடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்தது. ஐம்பது வருஷத்துப் பெருமையைக் காலி செய்தது எந்த வேட்பாளரும் இல்லை, கூட்டல் கணக்கு.

இதே ஊரில் கணக்கில் ஏறாத பேச்சுக்கென்றே ஒரு திருவிழாவும் உண்டு. ஆகஸ்டில் பதினொரு நாள் நடக்கும் அயோவா மாநிலக் கண்காட்சி. வெண்ணெயில் செய்த பசு மாடு குளிர் அறையில் நிற்கும். ஜனாதிபதி ஆசையுள்ளவர்கள் எல்லாரும் வந்து குச்சியில் செருகிய பன்றி இறைச்சியைக் கேமரா முன்னால் கடிப்பார்கள். வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே ஏறிக் குடும்பப் பண்ணையைப் புகழ்வார்கள். மக்காச்சோள எத்தனால் வாழ்க என்பார்கள். ஃபவுல், ஃபவுல், இன்னும் ஒரு ஃபவுல். ஒன்றும் எங்கும் ஏறாது.

உணவு எவ்வளவு அரசியல் என்பது 2007இல் ஒரு வேட்பாளருக்குத் தெரிந்தது. அயோவாவின் ஏடல் என்ற சிற்றூரில் விவசாயிகளோடு பேசிய பராக் ஒபாமா, விலைவாசியைச் சொல்வதற்காக, ஹோல் ஃபுட்ஸ் கடையில் அருகுலா கீரை என்ன விலை விற்கிறது பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டார். ஆர்கானிக்குக்குப் பேர்போன, விலை கூடிய அந்த ஹோல் ஃபுட்ஸ் கடை அப்போது அயோவாவில் ஒன்றுகூட இல்லை. மேட்டுக்குடி என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. அரசியல் ஆய்வாளர்களுக்கோ அந்தக் கடையே ஓர் அளவுகோல் ஆயிற்று. 2016இல் ஹோல் ஃபுட்ஸ் இருக்கும் கவுண்டிகளில் கால்வாசிக்கும் குறைவாகவே டிரம்ப் ஜெயித்தார். கிராமத்துச் சாப்பாட்டுக்குப் பேர்போன கிராக்கர் பேரல் ஹோட்டல் இருக்கும் கவுண்டிகளில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று அவருக்கு. சாப்பிடும் இடத்தைச் சொன்னால் கட்சியைச் சொல்லிவிடலாம் என்றார்கள்.

அதுவும் நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசின் சுகாதாரத் துறை அமைச்சராக ராபர்ட் கென்னடி ஜூனியர் பதவியேற்றார். பூச்சிமருந்தையும் ஆலை உணவையும் எதிர்த்துப் பேசும் குரல் திடீரென்று வலதுசாரி மேடையில் கேட்டது. நேற்றுவரை ஆர்கானிக்கைக் கேலி செய்தவர்கள் இன்று பெட்டியைத் திருப்பிப் படிக்கிறார்கள். நேற்றுவரை வாங்கியவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடு கூடையில் போடுகிறார்கள். முட்டை அதே முட்டை.

கோழியின் கதி மட்டும் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. ஆர்கானிக் கோழிக்கு வெளியே போக வழி இருக்க வேண்டும் என்று விதி. பெரிய பண்ணைகள் கொட்டகையை ஒட்டி வலையடித்த ஒரு திண்ணையைக் கட்டி, இதுவே வெளி என்றன. திண்ணை வெளியாகாது என்று ஒபாமா அரசு போகிற போக்கில் 2017 ஜனவரியில் ஒரு விதி எழுதியது. அடுத்த வருஷம் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது. 2023இல் பைடன் அரசு புதிதாக எழுதிக் கொண்டுவந்தது. அயோவாக் கோழிக்கு எவ்வளவு வெயில் என்பதை வாஷிங்டனில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது முடிவு செய்கிறது. பெட்டியின் படத்தில் இருக்கும் சூரியன் மட்டும் எல்லா ஆட்சியிலும் ஒரேபோல உதிக்கிறது.

கணக்கு வைத்தால் போதுமா? போதாது. மிசூரி மாநில விவசாயி ஒருவர் 2010 முதல் 2017 வரை சாதாரணத் தானியத்தை ஆர்கானிக் என்று சொல்லி விற்ற மோசடியில் கைமாறிய தொகை 14 கோடி டாலருக்கும் மேல். அயோவாவின் சீடர் ராப்பிட்ஸ் நீதிமன்றம் 2019இல் அவருக்குப் பத்து வருஷத் தண்டனை விதித்தது. அந்தத் தானியத்தைத் தின்ற மாடும் கோழியும் ஆர்கானிக் இறைச்சியாக, ஆர்கானிக் முட்டையாக எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கும். வாங்கியவர்கள் நாக்குக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. முறைக்குத்தான் விலை என்றால் முறையைத் திருடுவதுதான் பெரிய திருட்டு. பேஸ்பாலிலும் அதுவே நடந்தது. 2017இல் பட்டம் வென்ற ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ், எதிரணி கேட்சரின் சைகையைக் கேமராவில் பார்த்து, குப்பைத் தொட்டியைத் தட்டித் தன் பேட்டருக்கு அடுத்த பந்து என்னவென்று சொன்னது இரண்டு வருஷம் கழித்து வெளிவந்தது. 50 லட்சம் டாலர் அபராதம், மேலாளர் வேலை போனது, பட்டம் பறிக்கப்படவில்லை.

இரண்டு மோசடியும் எனக்கு நம்பிக்கையைக் குறைக்கவில்லை. எழுதிவைத்த ஒன்று இருந்ததால்தான் பொய் என்று நிரூபிக்க முடிந்தது. 'பண்ணையின் புத்துணர்ச்சி' என்று போட்டவரை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது? அவர் எதையுமே சொல்லவில்லையே.

ஆனால் முத்திரைக்கும் எட்டாத ஒன்று எங்கள் மைதானத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. டெமாயின் ஆறும் ரக்கூன் ஆறும் கலக்கும் முனையில்தான் மைதானம் இருக்கிறது. ஊருக்குக் குடிநீர் இந்த ஆறுகளிலிருந்து. வசந்தத்தில் வயலில் போட்ட உரமும் எருவும், மண்ணுக்கடியில் பதித்த வடிகால் குழாய்கள் வழியாக நைட்ரேட்டாக ஆற்றுக்கு வருகின்றன. குடிநீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது மத்திய அரசின் வரம்பு. அதைப் பிரித்தெடுக்க டெமாயின் குடிநீர் வாரியம் 1990களின் தொடக்கத்திலேயே பெரிய ஆலை கட்டியது. 2025 ஜூனில் அதுவும் திணறி, புல்வெளிக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்டார்கள்.

செயற்கை நைட்ரஜன் போடாமல், பயிரை மாற்றி மாற்றிப் போடும் ஆர்கானிக் நிலத்திலிருந்து கசியும் நைட்ரேட் கணிசமாகக் குறைகிறது என்று அயோவாவிலேயே ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். ஆர்கானிக்குக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது. ஆனால் எந்த முட்டைப் பெட்டியிலும் ஆறு பற்றி ஒரு வரி இல்லை. எல்லாம் என் உடம்பு, என் குழந்தை, என் சமையலறை. விற்பனைக்காரருக்குத் தெரியும், ஊர் ஆற்றுக்காக ஒருவரும் இரண்டு மடங்கு விலை கொடுக்கமாட்டார். தன் குடலுக்காகக் கொடுப்பார். ஆக, ஊர் கூடிப் பேச வேண்டிய ஒரு விவகாரம் கூடையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போகும் பொருளாகிவிட்டது. பணப்பையால் ஓட்டுப் போடுங்கள் என்கிறார்கள். அந்தத் தேர்தலில் எனக்கும் ஓட்டு உண்டுதான். ஆனால் பணம் அதிகம் உள்ளவருக்கு ஓட்டும் அதிகம். நாட்டின் ஆர்கானிக் விற்பனை வருஷத்துக்கு 7,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது; ஆர்கானிக் நிலம் மொத்த விவசாய நிலத்தில் நூற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எங்கள் ஆற்றுக்கு அந்த ஒன்று போதாது.

பந்து நழுவினால் யார் கையிலிருந்து நழுவியது என்று எழுத ஸ்கோரர் உண்டு. நைட்ரேட் யார் கையிலிருந்து நழுவியது? 2015இல் குடிநீர் வாரியம் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள மூன்று கவுண்டிகளின் வடிகால் அமைப்புகள்மீது வழக்குப் போட்டுக் கேட்டது இதைத்தான். கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஆகாமல் போனது. 2017இல் நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். இதைத் தீர்க்க வேண்டியது மாநிலச் சட்டமன்றம் என்றார். சட்டமன்றத்தின் தங்கக் கூரையை எங்கள் மைதானத்து இருக்கையிலிருந்தே பார்க்கலாம், சென்டர் ஃபீல்டுக்கு அப்பால் மாலை வெயிலில் மின்னும். 2023இல் அந்தச் சட்டமன்றம் செய்தது என்னவென்றால், ஆறுகளில் நைட்ரேட்டை அளந்து எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்ட கருவிகளுக்கு உதவிக்கொண்டிருந்த 5 லட்சம் டாலரை வேறு பக்கம் திருப்பிவிட்டது. எரர் யாருடையது என்பது இருக்கட்டும், ஸ்கோரரின் சம்பளத்திலேயே கை வைத்துவிட்டார்கள்.

நான் இப்போதும் ஆர்கானிக் முட்டை வாங்குகிறேன். அதைத் தின்று நூறு வயது இருப்பேன் என்பதற்காக இல்லை. எங்கோ ஒரு கணக்குப்பிள்ளை விவசாயி எழுதிவைத்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூலியில் ஆறு தெளியாது. அதற்கு ஊருக்குப் பொதுவாக ஒரு ஸ்கோரர் வேண்டும், அவருக்குச் சம்பளம் வேண்டும், பிறகு எங்கள் பக்கத்து எரரையும் அவர் எழுதும்போது எழுந்து கத்தாமல் இருக்கும் பழக்கம் வேண்டும். முதல் இரண்டையும் சட்டம் போட்டுக் கொண்டுவரலாம். மூன்றாவதற்கு, வருஷத்துக்கு 150 ஆட்டம் உட்கார்ந்து, அதில் பாதியைத் தோற்றுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.